கிருஷ்ணகிரி, தருமபுரி மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலவியல் படித்தவன் என்று தெரிந்தால் போதும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் போர்வெல் பற்றித்தான் ஆரம்பிப்பார். ரசம் வருவதற்குள் பேச்சு மியான்மர் பூகம்பத்துக்குப் போய்விடும். பாயசத்தின்போது, “நம்ம பக்கம் தங்கம் இருக்குன்னு சொல்றாங்களே, நெசமா?” அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நம்ம ஊர்ப் பாறைகளுக்கு என்ன வயது?

பெரும்பாலானவற்றுக்கு ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுதான் ஆகிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வயதைக் காட்டிக்கொடுப்பது சிர்க்கான் என்ற படிகம். கடுகைவிடச் சிறியது, பாறைக்குள் ஆங்காங்கே ஒளிந்திருக்கும். உருவாகும்போது அது கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அண்ட விடாது. யுரேனியம் சிதைந்து சிதைந்து ஈயமாக மாறும். யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு பிடிக்கும். ஆகவே இன்றைக்கு அந்தப் படிகத்தில் ஈயம் இருந்தால், அது அங்கேயே பிறந்த ஈயம். யுரேனியம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று அளந்தால் வயது கிடைத்துவிடும்.

உலகிலேயே பழசு நம்முடையதா என்றும் கேட்பார்கள். இல்லை. கனடாவில் ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையில் நுவ்வுவாகிட்டுக் என்ற இடம் இருக்கிறது. அங்குள்ள பாறைகளில் சில 416 கோடி ஆண்டுப் பழமையானவை என்று 2025 ஜூனில் ஓர் ஆய்வு வந்தது. பூமிக்கே வயது 454 கோடிதான்.

கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் போவது பூமிக்குள் இறங்குவது மாதிரி என்கிறீர்களே, எப்படி?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

நாம் நிற்கும் பாறை எதுவும் தரையில் உருவானதல்ல. 250 கோடி ஆண்டுக்கு முன்பு இது பூமியின் மேலோட்டுக்குள் வெகு ஆழத்தில் வெந்துகொண்டிருந்தது. மேலே இருந்ததையெல்லாம் மழையும் ஆறும் காலமும் அரித்துக் கொண்டுபோய்விட்டன. அந்தப் பழைய மலையின் அடிவயிறுதான் இன்று வெளியே தெரிகிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவுக்கு அரிக்கவில்லை என்பதுதான் விசேஷம். வடக்கே குறைவு, தெற்கே அதிகம். கிருஷ்ணகிரிப் பக்கம் சுமார் 15 முதல் 20 கி.மீ. ஆழத்தில் இருந்த பாறை தெரிகிறது என்றால், சேலத்தை நெருங்கும்போது 25, 30 கி.மீ. ஆழத்தில் இருந்தது தெரிகிறது. பாறைக்குள் இருக்கும் கார்னெட் போன்ற கனிமங்களின் வேதிக்கலவை, அவை எந்த அழுத்தத்தில் உருவாயின என்பதைச் சொல்லிவிடும். 1980களில் அமெரிக்க நிலவியலாளர்கள் இந்தப் பாதை நெடுகக் கல் கல்லாகத் தட்டி எடுத்துப் போய் ஆராய்ந்திருக்கிறார்கள்.

கண்ணாலேயே பார்க்கலாம். கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கம் பாறை சாம்பலும் இளஞ்சிவப்புமாக வரிவரியாக இருக்கும். புதிதாக உடைந்த முகத்தில் கறுப்பாக மினுங்கும் தகடுகள் பயோடைட். அதற்குள் கொஞ்சம் நீர் கட்டுண்டு கிடக்கிறது. இன்னும் ஆழத்தில், இன்னும் வெப்பத்தில் அந்த நீர் வெளியேறிவிடும், பயோடைட் இருந்த இடத்தில் பைராக்சீன் என்ற வேறு கனிமம் வந்துவிடும். கல்லின் நிறமே மாறிப்போகும். தருமபுரி தாண்டித் தெற்கே போகப் போக, சாலைக்காக வெட்டிய பாறைச் சுவர்களில் பச்சை கலந்த கருமையில், எண்ணெய் தடவினாற்போல் ஒரு கல் தெரிய ஆரம்பிக்கும். அதுதான் சார்னோக்கைட். தொப்பூர்க் கணவாயில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்து போகும் நாளில் ஜன்னல் வழியே பாருங்கள், வேறென்ன செய்யப்போகிறீர்கள்.

சார்னோக்கைட் என்பது என்ன பெயர்?

கல்கத்தாவோடு சேர்த்துப் பேசப்படும் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னோக்கின் கல்லறையில் வைத்த கல் அது. கல் போனது சென்னைப் பக்கத்திலிருந்து. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தக் கல்லை ஆராய்ந்து இந்தப் பெயரை வைத்தார். நம் கல்லுக்குக் கல்லறைக்காரர் பெயர் வந்த கதை இவ்வளவுதான்.

எங்கள் வீட்டு சமையல் மேடைக் கல் வளைந்து வளைந்து கோடு கோடாக இருக்கிறது. அது கிரானைட்தானா?

வியாபாரத்தில் கிரானைட், நிலவியலில் மிக்மடைட். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ‘பாரடைசோ’ என்ற பெயரில் வெளிநாடுவரை போகும் கல் இந்த வகைதான். பாறை சூடாகி, முழுக்க உருகாமல் பாதி மட்டும் உருகினால் இப்படி ஆகும். களி கிண்டும்போது அரிசி நொய்யும் கேழ்வரகு மாவும் முழுக்கச் சேராமல் பாதியில் இறக்கிவிட்டால் எப்படி இருக்கும்? வெள்ளை தனியாக, கருமை தனியாக, துடுப்பு சுழன்ற தடம் அப்படியே தெரியுமே, அது மாதிரி. மேடைக் கல்லில் உருகி ஓடியது இளஞ்சிவப்பு, உருகாமல் நின்றது கறுப்பு.

நாங்கள் 1,200 அடி போட்டும் புகைதான் வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் 300 அடியில் இரண்டு இன்ச் தண்ணீர். ஏன்?

இதைக் கேட்காத ஆள் இல்லை. எங்கள் குடும்பத்திலேயே காரிமங்கலம் பக்கம் மாமா தோட்டத்தில் நடந்தது. இரவு முழுக்க ரிக் வண்டி ஓடியது. முதலில் செம்மண், அப்புறம் பழுப்பாக மக்கிய கல், கேசிங் இறக்கியபின் வெள்ளைப் பவுடர், அதன்பின் சாம்பல் நிறத்தில் புகை. விடியற்காலை நான்கு மணிக்கும் அதே சாம்பல் புகை. பக்கத்திலிருந்த மாமரமெல்லாம் திருநீறு பூசியதுபோல் நின்றது. மாமா கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

பூமிக்கடியில் ஆறு மாதிரி தண்ணீர் ஓடுகிறது, ஆழமாகப் போனால் பிடித்துவிடலாம் என்ற எண்ணம்தான் இங்கே காசைக் கரைக்கிறது. தஞ்சாவூரில் மணல் அடுக்குகள். மணலுக்கு இடையில் தண்ணீர் நிற்கும். நம்முடையது அந்தப் பழைய மலையின் அடிவயிறு. வெந்து இறுகிய கல்லில் தண்ணீர் நிற்க இடமே கிடையாது. இரண்டே இடத்தில்தான் நிற்கும்: மேலே மக்கிய கல்லில், அதற்குக் கீழே விரிசல்களில். ஆழம் போகப் போக மேலிருக்கும் எடை அழுத்துவதால் விரிசல்கள் குறையும், இருப்பவையும் மூடிக்கொள்ளும். 1,200 அடிக்குமேல் போய்த் தண்ணீர் எடுத்தவர்களும் உண்டு. அது அவர்கள் அதிர்ஷ்டம், விதி அல்ல.

பக்கத்துத் தோட்டத்துக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். வயல்களுக்கு நடுவே கறுப்பு உருண்டைக் கற்கள் வரிசைபிடித்து, சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் போவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய பாறை பிளந்தபோது கீழிருந்து குழம்பு ஏறி, பிளவிலேயே உறைந்த சுவர் அது, டைக் என்பார்கள். பெங்களூரைச் சுற்றி இப்படியான சுவர்களில் சிலவற்றுக்கு 237 கோடி ஆண்டு வயது கணித்திருக்கிறார்கள். கறுப்பு கிரானைட் என்று வெட்டி விற்பதும் பெரும்பாலும் இந்தக் கல்தான். விரிசலில்லாத சுவர் நிலத்தடி நீருக்குக் குறுக்கே அணைபோல் நிற்கும். சுவருக்கு மேட்டுப்பக்கம் இருப்பவருக்குத் தண்ணீர், பள்ளத்துப்பக்கம் இருப்பவருக்குப் புகை.

தேங்காய் வைத்துப் பார்ப்பது பலிக்குமா?

தேங்காய் எழுந்து நிற்பது உள்ளங்கையின் வேலை, தண்ணீரின் வேலை அல்ல. நிலத்தில் மின்சாரம் செலுத்தி மின்தடையை அளக்கும் சோதனை செய்துகொள்ளுங்கள். அதுவும் நூற்றுக்கு நூறு பலிக்காது. ஆனால் மக்கிய கல் எவ்வளவு ஆழம் என்பதையாவது சொல்லும்.

நிலத்தடி நீரை உறிஞ்சியதால் பூமியின் அச்சே நகர்ந்துவிட்டது என்று வந்த செய்தி நிஜமா?

நிஜம்தான். ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. 1993 முதல் 2010 வரை உலகம் முழுக்க உறிஞ்சிய நிலத்தடி நீர் சுமார் 2,15,000 கோடி டன் என்ற மதிப்பீட்டை வைத்து, தென்கொரிய ஆய்வாளர்கள் 2023இல் ஒரு கணக்குப் போட்டார்கள். அந்தத் தண்ணீர் கடைசியில் கடலுக்குத்தான் போகிறது. ஓரிடத்திலிருந்த எடை வேறிடத்துக்குப் போனால் சுழலும் பம்பரம் சாயத்தானே செய்யும்? அந்த 17 ஆண்டுகளில் சுழல்முனை 80 செ.மீ. அளவுக்கு நகர்ந்ததை இந்தத் தண்ணீரைச் சேர்த்தால்தான் விளக்க முடிந்தது. இதில் அதிகப் பங்கு மேற்கு வட அமெரிக்காவுக்கும் வடமேற்கு இந்தியாவுக்கும். பஞ்சாப் பக்கம் ஆழமான வண்டல். உறிஞ்ச நிறைய இருக்கிறது. நம் விரிசல்களில் இருப்பதே சொற்பம்.

2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் அப்படி ஒரு மழை. அதன்பிறகும் சில போர்கள் ஊறவில்லையே?

ஃபெஞ்சல் புயலின் மிச்சத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 503 மி.மீ. கொட்டியது. பேருந்து நிலையத்துப் பக்கம் நின்ற வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை நாடே பார்த்தது. ஆனால் மக்கிய கல்லின் கனம் 30, 40 அடி என்றால், அது குடிக்கக்கூடிய அளவுதான் குடிக்கும். நிரம்பியபின் விழுவதெல்லாம் ஓடிவிடும். ஒரே நாளில் வரும் 50 செ.மீ. மழையைவிட, 25 நாள் சொட்டும் 2 செ.மீ. மழைதான் போருக்கு நல்லது. ஏரி இருந்தால் அந்த ஒரு நாள் மழையையும் நிறுத்திவைத்து மெதுவாக ஊட்டும். நம் முன்னோர் ஊருக்கு ஊர் ஏரி வெட்டியது இந்தக் கல்லைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

பல் காவி பிடிப்பதற்கும் பாறைக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களில் ஃப்ளூரைடு உண்டு, நம் பாறைகளில் அவை தாராளம். விரிசலுக்குள் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கல்லோடு உறவாடும்போது ஃப்ளூரைடு கரைந்து வரும். தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃப்ளூரைடைப் பிடித்துக் கீழே படியவைத்துவிடும். உவர்த்தன்மை கூடி, கால்சியம் குறைந்த தண்ணீரில் அது நடக்காது. ஆக, ஆழமான, பழைய தண்ணீர்தான் பல இடங்களில் ஆபத்தான தண்ணீர். ஆழமாகப் போட்டால் சுத்தமான தண்ணீர் என்ற நம்பிக்கை இங்கே தலைகீழ்.

இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மி.கி.; வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. எட்டு வயதுக்குள், பல் உருவாகும் காலத்தில் அதிகம் குடித்தால் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். தேய்த்தால் போகாது, பல் தேய்க்காததால் வந்ததும் இல்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் இதை வைத்து முகம் சுளித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கணக்கில் மிக அதிகம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும்.

இன்னொன்று: கொதிக்கவைத்தால் ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி, மிச்சத்தில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. எடுக்கும். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளியவைக்கும் நல்கொண்டா முறையும் எடுக்கும். பெரிய அளவில் செய்யப்பட்டது ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம். ஜப்பான் கடனுதவியோடு ரூ. 1,900 கோடிக்கு மேல் செலவில் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரி நீரில் ஏன் ஃப்ளூரைடு குறைவு? ஆற்று நீர் கல்லின் மேல் ஓடிப்போகிறது, கல்லுக்குள் உட்காருவதில்லை. உங்கள் ஊருக்கு அந்தத் தண்ணீர் வந்தால் அதைக் குடிக்கவும் சமைக்கவும் வையுங்கள், போர்த் தண்ணீரில் மாட்டைக் கழுவுங்கள். சுவை பிடிக்கவில்லை என்று மாற்றிச் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மியான்மர் மாதிரி பூகம்பம் இங்கே வருமா?

அந்த அளவுக்கு வருவது பெரும்பாலும் இரண்டு நிலத்தட்டுகள் உரசும் எல்லையில்தான். 2025 மார்ச் 28 அன்று மியான்மரில் சகாயிங் பிளவு நழுவியது, அளவு 7.7. ஒரு கண்காணிப்பு கேமராவில், வாசலுக்கு அந்தப்பக்கத்து நிலம் அப்படியே வழுக்கிக்கொண்டு போவது பதிவாகியிருக்கிறது. 1.3 நொடியில் 2.5 மீட்டர் என்று கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தார்கள். பிளவு நழுவுவதை நேராகப் படம்பிடித்த முதல் காட்சியாக அதைக் கருதுகிறார்கள்.

நாம் தட்டின் நடுவில், பழைய, குளிர்ந்த, கெட்டியான பாறையின் மேல் இருக்கிறோம். அதற்காக அசையவே அசையாது என்று சொல்ல மாட்டேன். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூரில் சுமார் 6 அளவில் ஒரு நடுக்கம் வந்தது. 2021 நவம்பரில் வேலூர்ப் பக்கம் 3.6. பழைய பிளவுகள் எப்போதாவது முறுக்கிக்கொள்ளும்.

திடீரென்று ‘டமார்’ என்று சத்தம் கேட்டு ஜன்னல் அதிர்கிறதே, அது நிலநடுக்கமா?

அநேகமாக இல்லை. 2020 மே 20 அன்று பெங்களூரே பதறிய சத்தம், ஒலியைவிட வேகமாகப் போன விமானப்படை விமானத்தின் சோதனைப் பறப்பு. நடுக்கமானியில் ஒன்றும் பதிவாகவில்லை. ஓசூர்க்காரர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு கல்குவாரி வெடி. நிலநடுக்கம் என்றால் பெரும்பாலும் பாத்திரமும் கட்டிலும் ஆடிய பிறகுதான் யோசிக்கவே தொடங்குவோம்.

கோடையில் பாறை மலை ஓரத்தில் குடியிருப்பவர்கள் சொல்லும் இன்னொரு சத்தம் உண்டு: படீரென்று கல் தெறிக்கும் சத்தம். ஆழத்தில் அழுந்திக் கிடந்த பாறை, மேல் எடை போனதும் வெளியே உப்பப் பார்க்கும், வெயிலும் சேர்ந்தால் மேல்தோடு வெங்காயம்போல் உரியும். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையின் வழுக்கைச் சரிவைப் பாருங்கள், தோல் தோலாக உரிந்த தடம் தெரியும்.

ஒன்பது நாள் பூமி முழுக்க அதிர்ந்தது என்றார்களே?

2023 செப்டம்பர் 16. கிரீன்லாந்தின் டிக்சன் கடற்கழியில் ஒரு மலையுச்சியே சரிந்து விழுந்தது. எழும்பிய அலை 200 மீட்டர் உயரம். குறுகிய கழிக்குள் தண்ணீர், அண்டாவில் தளும்புவதுபோல் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக 90 நொடிக்கு ஒருமுறை ஆடிக்கொண்டே இருந்தது, ஒன்பது நாள். உலகமெங்கும் நடுக்கமானிகள் அந்த ஒரே சுருதியைப் பதிவு செய்தன, யாருக்கும் காரணம் புரியவில்லை. ஓராண்டு கழித்துத்தான் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து விடையை வெளியிட்டார்கள். கீழே தாங்கியிருந்த பனியாறு உருகி மெலிந்ததால் மலை சரிந்தது.

எத்தியோப்பிய எரிமலைச் சாம்பல் டெல்லி வரை வந்ததே. நம் பக்கம் எரிமலை உண்டா?

ஹெய்லி குப்பி, 2025 நவம்பர் 23. சாம்பல் மேகம் மேல்காற்றோடு அரபிக்கடல் தாண்டி மறுநாள் வட இந்தியாவுக்கு வந்தது, விமானங்கள் ரத்தாயின. நம் பக்கம் வரவில்லை.

இங்கே உயிரோடு எரிமலை கிடையாது. ஆனால் சாமல்பட்டியிலும், திருப்பத்தூர்ப் பக்கத்துச் சேவாத்தூரிலும் கார்பனடைட் என்ற அபூர்வப் பாறை இருக்கிறது. சுண்ணாம்புக்கல் போலவே இருக்கும், ஆனால் கடலில் படிந்ததல்ல. பூமிக்குள்ளிருந்து குழம்பாக ஏறி வந்தது. சேவாத்தூர் கல்லுக்கு வயது சுமார் 80 கோடி, ஒகேனக்கலில் உள்ளதற்கு 240 கோடி. ஒகேனக்கலில் பரிசலில் போகும்போது மீன் வறுவலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு வராதீர்கள். உலகின் மிகப் பழைய கார்பனடைட்டுகளில் ஒன்று அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இப்போதும் இந்தக் குழம்பைக் கக்கும் எரிமலை உலகில் ஒன்றே ஒன்று: தான்சானியாவின் ஓல் டொயின்யோ லெங்காய்.

தங்கம்?

கோலார் தங்கவயல் பாறைப் பட்டை நம் எல்லையை நோக்கித்தான் நீள்கிறது. அந்தச் சுரங்கமே 3 கி.மீ.க்கு மேல் ஆழம் போய், கட்டுப்படியாகாமல் 2001இல் மூடப்பட்டது. தோட்டத்தில் மினுமினுப்பது பெரும்பாலும் மைக்காதான். அரூர், ஊத்தங்கரைப் பக்கத்து வெள்ளைக்கல் நரம்புகளில் மாலிப்டினம் இருக்கிறது. எஃகைக் கடினமாக்கும் உலோகம், ஒன்றிய அரசு 2023இல் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலிலும் உண்டு. ஆனால் நகைக்கடையில் வாங்க மாட்டார்கள்.

வானத்திலிருந்து விழுந்த கல் எங்களிடம் இருக்கிறது. பார்த்துச் சொல்வீர்களா?

விழவே விழாது என்று சொல்ல முடியாத மாவட்டம் இது. 2008 செப்டம்பர் 12 அன்று சூளகிரி அருகே நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள விண்கல் விழுந்தது. எல்எல்6 என்ற வகை. இட்டோகாவா என்ற சிறுகோளிலிருந்து ஜப்பானின் ஹயபூசா விண்கலம் 2010இல் அள்ளிவந்த தூசியும் இதே குடும்பம்தான். இந்த வகைக் கற்களின் வயது 450 கோடி ஆண்டுக்கு மேல். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மிகப் பழைய கல், மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தது 2008இல்.

நிஜ விண்கல்லில் மேலே மெல்லிய கறுப்புத் தோல் இருக்கும், கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனக்கும், உள்ளே ஓட்டை இருக்காது. என்னிடம் இதுவரை கொண்டுவந்தவற்றில் பெரும்பாலானவை ஓட்டை ஓட்டையாக இருந்த இரும்புச் சிட்டம், அதாவது பழங்கால உலையில் இரும்பு உருக்கியபோது வழிந்த கசடு.

போன வருடம் பர்கூர்ப் பக்கத்திலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பனியனில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தான். சிட்டம் என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. அவன் ஊருக்குப் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்ததைச் சொன்னேன். தீர்த்தமலைப் பக்கத்து மாக்னடைட் என்ற இரும்புத் தாதுக் கல்லையும் காட்டினேன். பழைய காலத்தில் அதை அடுப்புக்கரியோடு உலையில் போட்டு உருக்கினார்கள் என்றும் சொன்னேன். காந்தத்தை வாங்கி இரண்டிலும் மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தான். பிறகு சிட்டத்தைத் திரும்பப் பனியனில் சுற்றிக்கொண்டு, “இது கெடந்த எடத்துல இன்னும் நெறைய இருக்கு சார், வந்து பாக்கறீங்களா?” என்றான்.